குங்கிலியத்தில் ஒட்டிய காந்தம்

இயந்திர வழங்கல் விதிகளில் பதினான்காவது விதி இப்படிச் சொன்னது: "வழங்கப்பட்ட இயந்திரத்தின் மூடியிலுள்ள முத்திரையைத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் உடைத்தல் ஆகாது. பழுதுற்ற இயந்திரம் முத்திரையுடன், உள்ளவாறே, கொழும்புக் களஞ்சியத்துக்கு அனுப்பப்படல் வேண்டும்." பதினைந்தாவது விதி இன்னும் சிறியது: "தொடர்ந்து தொண்ணூறு நாள் கடலுக்குப் போகாத இயந்திரம் மீளப் பெறப்பட்டு, பட்டியலில் அடுத்துள்ளவருக்கு வழங்கப்படும்." இவற்றை எழுதியவர் கடலைக் கண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வசனங்களில் பிழை இல்லை.

1968இல் நான் யாழ்ப்பாணத்தில், மீனவருக்கு மோட்டார் வழங்கும் அரச கந்தோர் ஒன்றில் இலிகிதராக இருந்தேன். வள்ளத்தின் பின்பக்கத்தில் மாட்டும் மோட்டார். ஊரில் அதற்கு மிசின் என்று பெயர். வடகரையில் வழங்கப்பட்ட மிசின்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான் குடியிருந்த அரியாலையிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து மயிலிட்டிக்கு இன்னொன்று. படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. முதலாவது கேள்வி, முத்திரை உள்ளதா என்பது.

அந்த ஆண்டு ஆனி மாதம் போனபோது, மயிலிட்டியில் ஒருவருடைய மிசின் வீட்டு விறாந்தையில், சாக்கு விரிப்பில் படுத்திருந்தது. சொந்தக்காரருக்கு முப்பது வயது இருக்கும். அதுவரை மனைவியின் தமையனிடம் தொழிலாளியாக வள்ளம் ஏறியவர். தமையன் சம்மாட்டி. நான்கு வள்ளமும் வலையும் வைத்து, ஆட்களைக் கொண்டு தொழில் செய்தவர். இவர் அவரோடு கொழுவிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் கந்தோரில் விண்ணப்பித்து, இந்த மிசினை எடுத்திருந்தார். மிசின் போனால் திரும்ப மச்சானின் வள்ளத்தில்தான் ஏறவேண்டும். பட்டியலில் இவருக்கு அடுத்த பெயரும் அந்த மச்சானுடையதுதான்.

"எத்தினை நாளாக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள், ஐயா."

"கொஞ்சம் எண்டு எழுத இடமில்லை."

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி சொன்னார்: "அறுபத்தொண்டு. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். அண்ணையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்."

குனிந்து முத்திரையைப் பார்த்தேன். ஈய முத்திரை இருந்தது. அதைக் கோத்திருந்த கம்பி மட்டும், தூண்டில் கட்டும் முடிச்சில் முடிந்திருந்தது. முத்திரை உள்ளதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். முடிச்சைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

"கடலுக்கை விழுந்ததோ?"

"இல்லை ஐயா."

"மூடிக்குக் கீழை உப்புப் பூத்துக் கிடக்கு."

"மழைத் தண்ணியா இருக்கும்."

சித்திரையிலிருந்து வடகரையில் ஒரு துளி மழை விழவில்லை. 'பழுதுக்கான காரணம்' என்ற இடத்தில் 'அறியப்படவில்லை' என்று எழுதினேன். அந்த நேரத்தில் அது உண்மை.

பிறகு அவருக்கு நிலைமையை விளக்கினேன். இருபத்திரண்டாவது விதி என்று ஒன்று உண்டு, யாரும் வாசிப்பதில்லை. ஒரு இயந்திரம் பற்றித் தலைமைக் கந்தோரிடம் கேட்டு எழுதினால், பதில் வரும்வரை தொண்ணூறு நாள் கணக்கு நின்றுவிடும். நான் இன்றே கொழும்புக்கு எழுதினால் மிசினை யாரும் தொடமுடியாது. ஆனால் பதில் வந்தால், பெரும்பாலும் மிசினை அனுப்பு என்றுதான் வரும். அனுப்பினால் களஞ்சியத்தில் முடிச்சைப் பார்ப்பார்கள். மிசின் அங்கிருந்தே மச்சான் பெயருக்கு மாறும். ஆகவே பதில் வருவதற்கு முன் மிசின் ஓடவேண்டும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பதில் வராமல் இருக்கக் கும்பிடவேணும்."

"கும்பிட்டு மினக்கெட வேண்டாம். கொழும்புக்குத்தானே எழுதுறம்."

கடிதத்தை மூன்று பிரதிகளில் எழுதினேன். மூடியைத் திறக்க அனுமதி வேண்டும் என்று ஒரு பந்தி. திறக்கும்போது எந்தத் தரத்து அலுவலர் அருகில் நிற்கவேண்டும் என்று ஒரு பந்தி. அதற்கான செலவு எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று மூன்றாவது. மூன்றும் மூன்று கிளைகளுக்கு உரிய கேள்விகள். ஒரு கிளை பதில் எழுதாமல் அடுத்த கிளைக்குக் கடிதக் கோவை போகாது. நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த கிழமை சம்மாட்டி கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, பையில் பேனை. கதிரையில் இருக்கச் சொல்லும்முன் இருந்தார்.

"பதினாறாம் விதிப்படி மிசின் எனக்கு வரவேணும், ஐயா."

"பதினைஞ்சு" என்றேன்.

"எண் எதெண்டா என்ன? மிசின் எனக்குத்தானே."

"கடிதம் போயிருக்கு. பதில் வரட்டும்."

"உவன் கடலுக்குப் போகமாட்டான், ஐயா. உவன் என்னட்டை நிக்கேக்கையும் எப்பவும் தன்ரை யோசனைதான். மிசினை வைச்சுக்கொண்டு என்ன செய்யப்போறான்? பூசை செய்யவோ?"

நான் 1956இல் சேவைக்கு வந்தவன். அன்றுமுதல் விதிகளோடுதான் சீவியம். எண் எதுவானால் என்ன என்று கேட்பவருடைய விண்ணப்பத்தை விரைவுபடுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அதுவரை இந்த விடயத்தில் எனக்குப் பக்கம் எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் விதிப் புத்தகத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். ஒன்பதாவது விதியில், இயந்திர இலக்கத்தில் ஐயம் எழுந்தால் பரிசோதிக்கும் அலுவலர் அதை இயந்திரத்தின் உடலிலேயே பார்த்து உறுதிசெய்யலாம் என்று இருந்தது. இலக்கம் மூடிக்கு உள்ளே அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு ஐயம் எழுந்தது.

சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு திருத்துநர் இருந்தார். வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் சிறு மிசின்களைத் திருத்துபவர். ஐம்பது வயது, கதை அதிகம். அந்த நாட்களில் ஞாயிறு வேலை நாள், விடுமுறை போயா என்னும் பௌத்த நிலவு நாளுக்குத்தான். போயாவுக்கு முதல் நாள் அரை நாள் லீவு. ஆடி மாதத்தில் அப்படியொரு அரை நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனேன். விடுமுறையில் செய்யும் கடமைக்கு ஒரு தனிப் படிவம் உண்டு. அதை நான் நிரப்பவில்லை.

"எங்கடை மிசின் கடலுக்கை விழாது" என்று அவர் சாக்கில் குந்தியபடி மீனவரிடம் சொன்னார். "கிணத்துக்கைதான் விழும். விழுந்தா நல்ல தண்ணியாலை கழுவிக்கொண்டே மேலை வரும்."

"இது விழேல்லை, அண்ணை" என்றார் மீனவர்.

"அப்ப கடல் ஏறி வந்து மிசினுக்கை விழுந்திட்டுது."

நான் கம்பியை அவிழ்த்தேன். இலக்கம் சரியாக இருந்தது. ஐயம் தீர்ந்தது. திருத்துநர் தொடர்ந்து வேலை செய்தார்.

முதலில் பிளக்கைக் கழற்றி, வயரோடு மிசினின் இரும்பில் சாய்த்துவைத்து, கயிற்றை இழுத்தார். பிளக்கின் நுனியில் நீலமாகப் பொறி பாயவேண்டும். மஞ்சளாக ஒன்று தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

"உதிலை பீடியும் பத்தாது" என்றார்.

பொறி வரும் பகுதி பிளைவீலுக்கு அடியில் இருக்கிறது. பிளைவீல் என்பது மிசினின் தலையில் தொப்பிபோல் சுழலும் பாரமான இரும்புச் சில்லு. அதன் உள்விளிம்பில் காந்தங்கள் இருக்கும். அவை கொயில் என்னும் கம்பிச் சுருளைத் தாண்டி ஓடும்போது மின் பிறக்கும். மீனவர் ஒரு சம்மட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். திருத்துநர் அதைத் தொடவில்லை.

"உதாலை ஒரு அடி அடிச்சா வீல் கழரும். காந்தத்திலை பாதிச் சீவனும் போம்."

நட்டைக் கழற்றி, மூன்று போல்ட் பூட்டிய தகடு ஒன்றை மேலே வைத்து, நடு ஆணியை மெல்ல முறுக்கினார். 'டக்' என்று பிளைவீல் எழும்பியது. அடியில், மின்னை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்றில் உப்புப் படிந்திருந்தது. மெல்லிய அரத்தாளால் தேய்த்து, இடைவெளியைத் தகடு விட்டு அளந்து சரிசெய்தார். கொண்டென்சரை மாற்றினார். கொயிலை ரோச் பற்றறியும் பல்பும் வைத்துப் பார்த்தார், பல்ப் எரிந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்தார். அதே மஞ்சள். வெயில் சாய்ந்திருந்தது.

பிறகு பிளைவீலைத் திரும்பக் கழற்றிக் கவிழ்த்துப்போட்டு, ஒரு ஸ்குறூட்றைவரைப் பிடியின் நுனியில் இரண்டு விரலால் தளரப் பிடித்து, காந்தங்களுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நல்ல காந்தம் என்றால் அரை அங்குலத்திலேயே கம்பியைப் பிடுங்கி எடுக்கும். நான்கு காந்தம். நான்கும் பிடுங்கின.

"காந்தத்திலை பிழையில்லை" என்றார். நிமிர்ந்து இருந்து வெற்றிலை போட்டார். பிறகு சந்தேகம் வந்ததுபோல் விரலை உள்விளிம்பில் ஓடவிட்டார். ஒரு காந்தத்தின் ஓரத்தில் நகத்தை வைத்துக் கிள்ளி, வந்த பழுப்புத் துண்டை மூக்கில் வைத்தார்.

"இதென்ன, மிசினுக்கை கோயில் மணக்குது?"

மீனவர் கடலைப் பார்த்தார். கடலில் எதுவும் இல்லை.

"சொல்லுங்கோவன்" என்றார் மனைவி. "ஐயா எழுதமாட்டார்."

"எழுதுவன்" என்றேன். "படிவத்திலை கேள்வி இருந்தா."

அவர் சொல்லத் தொடங்கினார். மனைவி இடையிடையே திருத்தினார். சித்திரையில் ஒரு விடியற்காலை, வள்ளம் கரைதட்டும்போது வள்ளத்தோடு பூட்டும் கொளுவி தளர்ந்து மிசின் நீருக்குள் போயிருக்கிறது. இரண்டு பாக ஆழம்தான், இரண்டு ஆள் உயரம். சுழியோடி எடுத்தாயிற்று. கடலில் விழுந்த மிசினுக்கு மயிலிட்டியில் ஒரு வைத்தியம் இருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, பிளைவீலைக் கழற்றி, பேக்கரிக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் பின்னேரப் பாண் இறக்கியபிறகு, சூடு தணியத் தணிய, பாண் சுடும் சூளையான போறணைக்குள் ஓரமாக வைத்துவிடுவார். காலையில் சொட்டு ஈரம் இராது. பழைய மிசின்கள் பல அப்படி உயிர்த்திருக்கின்றன. ஆகவே இவரும் முத்திரையை அவிழ்த்து, அப்படியே செய்தார்.

"அவசரப்பட்டவர்" என்றார் மனைவி. "பாண் இறக்க முதலே வைக்கச் சொன்னவர்."

"விடிய வள்ளம் தள்ளவேணுமெண்டு..."

"தள்ளினியளோ?"

விடியப் பேக்கரிக்காரர் சைக்கிளில் வந்திருக்கிறார். பிளைவீலை ஒரு கையிலும், பாண் சுடும் தகரத்தை மறுகையிலும் கொண்டுவந்தாராம். தகரத்தின் அடியில் இரண்டு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய மிசின்களில் காந்தம் இரும்போடு வார்த்திருக்கும். இந்தப் புதிய மாதிரியில் பசையால் ஒட்டியிருந்தார்கள். போறணையில் பசை இளகிவிட்டது. வழங்கல் விதிகளில் போறணை பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிடுகிறேன்.

"அப்ப எதாலை ஒட்டினனீர்?" என்று திருத்துநர் கேட்டார்.

"குங்கிலியம்."

வள்ளத்தின் பலகை இடுக்குகளை எண்ணெயோடு காய்ச்சிய குங்கிலியத்தால்தான் அடைப்பார்கள். கடல்நீர் புகாது.

"வள்ளத்துக்குப் பிடிக்கிறது காந்தத்துக்குப் பிடியாதோ, அண்ணை?"

"பிடிச்சுத்தான் கிடக்கு" என்றார் திருத்துநர். "இரும்புமாதிரிப் பிடிச்சுக் கிடக்கு. பொறிதான் வரேல்லை."

மீனவர் தன் பெருமையைக் கொஞ்சமாவது மீட்க நினைத்திருக்க வேண்டும். "காந்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாதெண்டு நினையாதேங்கோ. மிசினை முதல் ஏத்தின நாள் கொம்பாசு வடக்கைக் காட்டாமல் மிசினைக் காட்டிக்கொண்டு நிண்டது. அண்டைக்கே அதை எடுத்து வள்ளத்தின்ரை முன்பக்கம், அணியத்திலை வைச்சனான்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவன். அது உத்தியோகத்தில் ஒருநாளும் தேவைப்படவில்லை. காந்தத்துக்கு இரண்டு முனை உண்டு, ஸ்குறூட்றைவருக்கு எந்த முனையானாலும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அந்தக் கொம்பாசைக் கொண்டாரும்" என்றேன்.

கொண்டுவந்தார். பிளைவீலின் உள்விளிம்பில் ஒவ்வொரு காந்தத்துக்கும் எதிரே பிடித்தோம். முதல் காந்தத்துக்கு ஊசியின் சிவப்பு நுனி திரும்பியது. இரண்டாவதற்குக் கறுப்பு நுனி. மூன்றாவதற்குச் சிவப்பு. நான்காவதற்குக் கறுப்பு வரவேண்டும். சிவப்பு வந்தது.

"ஒண்டைப் பிறத்தாலை திருப்பி ஒட்டியிருக்கிறீர்" என்றேன். கொயிலுக்கு முன்னால் முனைகள் மாறி மாறி ஓடினால்தான் மின் பிறக்கும். ஒரே முனை தொடர்ந்து வந்தால் கொயிலுக்கு ஒன்றும் நடந்ததாகத் தெரியாது.

திருத்துநருக்கு முகம் சரியில்லை. "இறைப்பு மிசினிலை காந்தம் திரும்ப வழியில்லை. அதாலை பாக்க நினைக்கேல்லை" என்றார். பிறகு மீனவரிடம், "இரண்டு பக்கமும் ஒருமாதிரித்தான் தெரியும். ஆரும் செய்வான்" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

மனைவி கத்தியைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். குங்கிலியம் இளகியது. வெளியே வந்த இரண்டு காந்தத்தையும் பெற்றோலில் கழுவி, பழைய பசையின் தழும்பு இருந்த இடத்தையும் அரத்தாளால் தேய்த்தார் திருத்துநர். அவரிடம் இரண்டு ரியூப்பில் வரும் பசை இருந்தது. சம அளவில் குழைத்து, நான்காவதைத் திருப்பி, தழும்பிலேயே வைத்து அழுத்தினார். நகராமல் இருக்க நடுவில் தடி ஆப்பு. கொம்பாசை மறுபடி பிடித்தோம். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு.

"நாளைக்கு மத்தியானம் மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. வெயிலிலையும் வைக்கக்கூடாது" என்றார். மனைவியைப் பார்த்து, "பேக்கரியிலையும்" என்றார்.

மறுநாள் போயா. பின்னேரம் போய் ஆப்பைக் கழற்றி, பூட்டி, பிளக்கைச் சாய்த்துக் கயிற்றை இழுத்தார். பகல் வெளிச்சத்திலும் நீலம் தெரிந்தது. பீப்பாத் தண்ணீரில் இறக்கி மூன்றாவது இழுவையில் மிசின் பிடித்தது. புகை வேலிக்கு மேலால் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் சம்மாட்டியின் வீடு. மீனவர் தேவைக்கு மேலாகவே மிசினை உறுமவைத்தார். மனைவி அவரைத் தடுக்கவில்லை.

முத்திரைக் கம்பியைத் திரும்பக் கட்டும் வேலை எனக்கு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு கந்தோர்க் கோவை கட்டும் முடிச்சு. அதையே கட்டினேன்.

மிசின் ஓடியது. ஆனால் தலைமைக் கந்தோரின் அனுமதி வராமல் திருத்தியதாக நான் எழுதமுடியாது. ஆகவே கோவையின்படி அது பழுதாகவே இருந்தது. விடியுமுன் கடலுக்குப் போய், மீனோடு வரும் பழுதான மிசின். 'இயந்திரம் இயங்குகிறதா?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாதமும் 'தலைமைக் கந்தோரின் பதில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதினேன். ஒவ்வொரு மாதமும் மீனவரின் மனைவி வாசற் படலையில் நின்று, "வந்ததோ?" என்று கேட்பார். "இன்னும் இல்லை" என்பேன்.

புரட்டாதியில் சம்மாட்டி மறுபடி வந்தார். "மிசின் ஓடுது, ஐயா. என்ரை வள்ளத்தை விலத்திக்கொண்டு போறான். முத்திரையை உடைச்சுத்தான் திருத்தினவன். ஊருக்கே தெரியும்."

"எழுத்திலை தாருங்கோ."

அங்கேயே இருந்து எழுதிக் கையொப்பம் வைத்தார். மிசின் நாள்தோறும் கடலுக்குப் போகிறது என்று முதல் வரியில் எழுதியிருந்தார். அந்த வரியோடு பதினைந்தாம் விதியில் அவருக்கிருந்த உரிமை போயிற்று. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஆனால் இரண்டாவது வரி முத்திரையைப் பற்றியது. அது கெட்ட வரி. பதினான்காம் விதியின்படி அந்த ஒன்றே போதும், மிசினை எடுத்துக்கொண்டு போக. மனுவைக் கோவையில் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டியது என் கடமை. அனுப்பினேன். அதன்பிறகு மயிலிட்டிக்குப் போகும்போது, அந்தப் பெண் 'வந்ததோ' என்று கேட்கும்முன் நானே "இல்லை" என்று சொல்லத் தொடங்கினேன்.

இரண்டு வாடைக்காலம் போயிற்று. இருபதாவது மாதத்தில் பதில் வந்தது. சிங்களத்தில் இருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் கிழமையில் இரண்டு நாள்தான் வருவார், அன்று அவருடைய நாள், தமிழில் எழுதித் தந்தார். மூன்று பந்தி. ஒன்பதாம் விதிப்படி இலக்கம் பார்ப்பதற்காக மூடியைத் திறக்க அனுமதி தேவையில்லை. முத்திரை இடும் முறை இவ்வாண்டு முதல் கைவிடப்பட்டுள்ளதால், மனுவில் கூறப்பட்ட விடயம் எழவில்லை. இயந்திரம் கடலுக்குப் போவதாக மனுதாரரே கூறுவதால், அது பெற்றவரிடமே இருக்கலாம்.

சாதாரணமாகப் பிரதியைத் தபாலில் அனுப்பினால் போதும். அன்று பின்னேரமே பஸ் ஏறிப்போனேன். மீனவர் வலை விடப் போயிருந்தார். மனைவி பதிலைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப மிசின் எங்கடைதான்?"

"ஓம்."

"கடைசிப் பந்தியை இன்னொருக்கா வாசியுங்கோ, ஐயா" என்றார் அவர், வேலிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டு. "எப்பன் உரத்து."

வாசித்தேன். பெற்றுக்கொண்டதற்கு அவர் ஒப்பம் வைத்தார். அதற்குக் கீழே பதில் வந்த திகதியை நான் எழுதினேன்: 1970 பெப்ரவரி 19.